பழைய கணினியில் பெரிய ஹார்ட் டிஸ்க்: எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது. ஒரு எடைமேடையில் விண்டோஸ் 98 போட்ட பென்டியம் 2 கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் 6.4 ஜிபி ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. எடை போடும் மென்பொருளும் அதற்கான ஐஎஸ்ஏ (பழைய வகை ஸ்லாட்டில் செருகும்) கார்டும் புதிய கணினியில் வேலை செய்யாது. மாற்று டிஸ்க் தேடியதில் பழைய 160 ஜிபி ஐடிஇ (பழைய அகலக் கேபிளில் மாட்டும் வகை) டிஸ்க் ஒன்று கிடைத்தது. அதை மாட்டினால், டிஸ்க்கைக் கண்டுபிடிக்கும் இடத்திலேயே பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும், போர்டிலேயே எழுதிவைத்த மென்பொருள்) உறைந்துபோகிறது. செட்டிங்குக்குள் நுழையக்கூட விடுவதில்லை. டிஸ்க் போய்விட்டதா? கூடவே இன்னொரு சந்தேகம்: வீட்டில் இருக்கும் எக்ஸ்பி கணினியில் 3 டிபி டிஸ்க் போட்டால் வெறும் 746 ஜிபி என்று காட்டுகிறதே, மீதி எங்கே?

முதல் டிஸ்க் போயிருக்க வாய்ப்பு குறைவு. செத்துப்போன டிஸ்க்காக இருந்தால் பயாஸ் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பதில் இல்லை என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போய்விடும். அங்கேயே உறைந்து நிற்கிறது என்றால் டிஸ்க் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறது, வாங்கிய பதிலைக் கணக்குப் போடத் தெரியாமல் பயாஸ்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சந்தேகமாக இருந்தால் ஒரு யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, புதிய கணினி ஒன்றில் பாருங்கள். அங்கே 149 ஜிபி என்று தெரிந்தால் டிஸ்க் சரி. (160க்கும் 149க்கும் உள்ள வித்தியாசம் களவு இல்லை. டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது.)

பெரிய டிஸ்க் பழைய கணினியில் தகராறு செய்கிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "எந்த எண்ணில் நிற்கிறது?" என்றுதான். மோதும் இடங்கள் எல்லாம் தெரிந்த எண்கள்: 504 எம்பி, 2.1 ஜிபி, 8.4 ஜிபி, 33.8 ஜிபி, 137 ஜிபி, 2.2 டிபி. எண் தெரிந்தால் கோளாறு பயாஸிலா, விண்டோஸிலா, பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) அட்டவணையிலா என்பது தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் கார்டு வாங்குவதும் பயாஸை மாற்றி எழுதுவதும் காசுக்குப் பிடித்த கேடு.

உங்கள் கணினி நிற்கும் எண் 33.8 ஜிபி. 1990களின் பிற்பாதியில் வந்த அவார்டு பயாஸ்கள் பலவற்றில் இந்தக் குறை உண்டு. டிஸ்க் தன்னிடம் மொத்தம் எத்தனை செக்டர் (512 பைட் கொண்ட துண்டு) இருக்கிறது என்று சொல்லும். பயாஸ் அதை 16 ஹெட் (படிக்கும் முனை), ஒவ்வொரு டிராக்குக்கும் (வட்டப் பாதைக்கும்) 63 செக்டர் என்று வைத்து வகுத்து, எத்தனை சிலிண்டர் (ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் டிராக்குகளின் தொகுப்பு) என்று கண்டுபிடிக்கும். அந்த விடையை எழுத ஒதுக்கியிருப்பது 16 பிட் இடம். 65,535க்கு மேல் அதில் எழுத முடியாது. 65,535 × 16 × 63 × 512 பைட் என்று பெருக்கிப் பாருங்கள், 33.8 ஜிபி வரும். உங்கள் 160 ஜிபி டிஸ்க்கில் வழக்கமாக இருப்பது 31,25,81,808 செக்டர். அதை 1,008ஆல் வகுத்தால் 3,10,101 சிலிண்டர். இடத்துக்குள் அடங்காத விடை வந்ததும் பயாஸ் தலைசுற்றி நின்றுவிடுகிறது. வகுக்கும் அந்தச் சில வரிகளை எழுதியவர் 34 ஜிபி டிஸ்க் வரும் என்று நினைத்திருக்கமாட்டார். அப்போது கடையில் விற்றது 2 ஜிபியும் 4 ஜிபியும்.

இதற்கு டிஸ்க் தயாரித்தவர்களே ஒரு வழி வைத்துவிட்டார்கள். டிஸ்க்கின் பின்பக்கம், டேட்டா கேபிளுக்கும் பவர் கேபிளுக்கும் நடுவில் சின்னச் சின்ன ஊசிகள் இருக்கும். மாஸ்டர், ஸ்லேவ் என்று ஜம்பர் போடும் இடம். மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் அந்த ஊசிகளின் படம் போட்டிருப்பார்கள். சீகேட் பாராகுடா டிஸ்க்குகளில் அந்தப் படத்தின் கடைசியில், கொள்ளளவை 32 ஜிபிக்குக் குறைப்பதற்கு என்று ஒரு ஜம்பர் நிலை தனியாகக் காட்டியிருக்கும். மற்ற நிறுவனங்களின் ஐடிஇ டிஸ்க்குகள் பலவற்றிலும் இது உண்டு. சிலவற்றில் மாஸ்டர் ஜம்பரோடு இரண்டாவதாக இன்னொரு ஜம்பரும் போடவேண்டியிருக்கும். இதைப் போட்டுவிட்டால் டிஸ்க் "என்னிடம் இருப்பதே 33.8 ஜிபிக்குள்தான்" என்று பயாஸிடம் பொய் சொல்லும். பயாஸும் நம்பித் தாண்டிப்போய்விடும். மிச்சம் 126 ஜிபி வீண்தான். ஆனால் 6.4 ஜிபியில் இத்தனை வருடம் ஓடிய எடைமேடைக்கு 33 ஜிபியே தலைமுறைக்குக் காணும். உங்களுக்குத் தேவை பெரிய டிஸ்க் இல்லை, உயிரோடு இருக்கும் டிஸ்க். சின்னது கிடைக்காததால்தான் பெரியதை வாங்கியிருக்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி போய்விடும்.

ஜம்பர் நிலை இல்லாத டிஸ்க் என்றால் அதே பொய்யை மென்பொருள் வழியாகச் சொல்லவைக்கலாம். டிஸ்க்கின் கடைசிப் பகுதியை ஒளித்துவைக்க ஐடிஇ தரத்திலேயே ஒரு கட்டளை உண்டு. ஐடிஇ போர்ட் இருக்கும், 160 ஜிபியைச் சிக்கலின்றிப் பார்க்கும் வேறொரு கணினியில் டிஸ்க்கை நேராக மாட்டி, லினக்ஸை சிடியிலிருந்து ஏற்றி, எச்டிபார்ம் என்ற கருவியால் மொத்த செக்டர் எண்ணிக்கையை 6 கோடியே 50 லட்சம் என்று நிரந்தரமாக வைத்துவிடுங்கள். அது 33.3 ஜிபி, எல்லைக்கு உள்ளேயே இருக்கும். யுஎஸ்பி அடாப்டர் வழியாக இதைச் செய்ய முயலவேண்டாம்; பெரும்பாலான அடாப்டர்கள் இந்தக் கட்டளையை டிஸ்க்குக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. நிரந்தரம் என்று குறிப்பிட மறந்தால் மின்சாரம் போய் வந்ததும் பழைய அளவுக்கே திரும்பிவிடும்.

வேறு வழிகளும் இருக்கின்றன. மதர்போர்டு நிறுவனம் பின்னாளில் வெளியிட்ட பயாஸை எழுதலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டு செத்துவிடும், எடைமேடையும் படுத்துவிடும். ஐஎஸ்ஏ ஸ்லாட் உள்ள போர்டை இப்போது எங்கே போய்த் தேடுவீர்கள்? அதனால் உங்கள் நிலைமையில் நான் அதைத் தொடமாட்டேன். பிராமிஸ் அல்ட்ரா133 டிஎக்ஸ்2, சிலிகான் இமேஜ் 0680 சிப் உள்ளவை போன்ற பிசிஐ கார்டுகள் இன்னொரு வழி. இவற்றில் சொந்த பயாஸ் இருப்பதால் போர்டின் பயாஸ் இந்த டிஸ்க்கைத் தொடவே தேவையில்லை. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பழைய பொருள் விற்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். முழு 160 ஜிபியும் வேண்டும் என்பவருக்கு இதுதான் சரியான வழி. ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர் போல, டிஸ்க்கின் முதல் செக்டரில் உட்கார்ந்துகொண்டு பயாஸை ஏமாற்றும் மென்பொருள்களும் ஒரு காலத்தில் டிஸ்க்கோடு இலவசமாக வந்தன. அவை எனக்குப் பிடிப்பதில்லை. ஃபிளாப்பியிலிருந்து பூட் செய்தாலோ, டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டினாலோ, நடுவில் இருக்கும் அந்த மென்பொருள் ஏறாமல் போகும். பார்ட்டிஷன் காணாமல் போனதுபோல் தெரியும். அந்த நேரத்தில் யாராவது நல்லெண்ணத்தோடு "சரிசெய்கிறேன்" என்று ஒரு கருவியை ஓட்டினால் கதை முடிந்தது.

என்னைக் கேட்டால், எடைமேடைக் கணினிக்கு 160 ஜிபி டிஸ்க்கையே போடமாட்டேன். அதுவும் பழைய டிஸ்க்தானே? எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓடியதோ. 8 ஜிபி காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டு ஒன்றும், அதை ஐடிஇ கேபிளில் மாட்டும் சின்ன அடாப்டரும் போதும். காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டுக்கு ஐடிஇ மொழி நேரடியாகத் தெரியும், அதனால் அடாப்டரில் மாற்றிப் பேசும் சிப் எதுவும் இருக்காது, வெறும் கம்பி இணைப்புதான். 8 ஜிபி என்பதால் 33.8ம் இல்லை, 8.4ம் இல்லை, எந்த எல்லையையும் தொடாது. சுழலும் பாகம் இல்லாததால் லாரி ஏறும்போது வரும் அதிர்வுக்கும் கவலை இல்லை. கேமராவுக்கு விற்கும் மலிவுக் கார்டைவிட, தொழிற்சாலை உபயோகத்துக்கென்று விற்கும் கார்டைத் தேடி வாங்குங்கள். அடிக்கடி எழுதி அழிப்பதைத் தாங்கும், தன்னை நிலையான டிஸ்க் என்றே அறிவித்துக்கொள்ளும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: மலிவு அடாப்டர்களில் டிஎம்ஏவுக்கான (பிராசஸரைத் தொடாமல் டேட்டாவை நேராக மெமரிக்கு அனுப்பும் முறைக்கான) கம்பிகளை இணைத்திருக்கமாட்டார்கள். விண்டோஸ் 98ன் டிவைஸ் மேனேஜரில் அந்த டிஸ்க்குக்கு டிஎம்ஏ டிக் போட்டிருந்தால் பூட் ஆகும்போது தொங்கும். டிக்கை எடுத்துவிட்டால் கொஞ்சம் மெதுவாக, ஆனால் ஒழுங்காக ஓடும்.

எதைப் போட்டாலும் சத்தம் போடும் டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் எடுப்பதுதான் முதல் வேலை. இன்றைக்கே செய்யுங்கள். அதை யுஎஸ்பி அடாப்டரில் புதிய கணினியோடு இணையுங்கள், விண்டோஸ் "பிழை இருக்கிறது, சரிசெய்யவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாகப்போகும் டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதக்கூடாது. லினக்ஸிலிருந்து டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியை ஓட்டி, முழு டிஸ்க்கையும் முதல் செக்டரிலிருந்து கடைசி வரை ஒரு ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள். படிக்க முடியாத இடங்களை அது முதலில் தாண்டிப்போய், நல்ல பகுதியை எல்லாம் எடுத்த பிறகுதான் திரும்பி வந்து முயலும். அதனால் சாதாரண காப்பியைவிட இதுவே மேல்.

ஃபைல்களை மட்டும் இழுத்துப்போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. விண்டோஸ் 98ன் ரெஜிஸ்ட்ரியில் பல இடங்களில் புரோகிராம் ஃபைல்ஸ் போன்ற நீளப் பெயருக்குப் பதிலாக, முதல் ஆறு எழுத்தும் ஒரு அலைக்குறியும் ஓர் எண்ணும் சேர்ந்த எட்டெழுத்துக் குறும்பெயர்தான் எழுதியிருக்கும். அந்த எண் ஃபோல்டர்கள் உருவான வரிசையைப் பொறுத்தது. காப்பி செய்யும்போது வரிசை மாறினால் குறும்பெயரும் மாறும், எடை மென்பொருள் தன் ஃபைல்களைக் காணாமல் விழிக்கும். செக்டர் செக்டராக எடுத்த பிரதியில் இந்தத் தொல்லை இல்லை.

அந்தப் பிரதியைப் புதிய கார்டிலோ டிஸ்க்கிலோ அப்படியே எழுதுங்கள். எழுதுவதற்கு முன் பழைய கணினியின் பயாஸில் 6.4 ஜிபி டிஸ்க்குக்கு எந்த முறை போட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்: எல்பிஏவா, லார்ஜா, நார்மலா (டிஸ்க்கின் இடங்களை எண்ணும் மூன்று முறைகள்). 4 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை எல்பிஏ முறையில் பயாஸ் 255 ஹெட் என்று கணக்குவைக்கும். லார்ஜ் முறையில் 240 என்று வைக்கக்கூடும். விண்டோஸ் 98ன் பூட் செக்டரில் இந்த ஹெட் எண்ணிக்கை பதிந்திருக்கிறது. முறை மாறினால் பூட் செக்டர் தவறான இடத்தில் போய்த் தேடும்; எல்லா ஃபைலும் பத்திரமாக இருந்தும் கணினி எழாது. பழையதில் எல்பிஏ என்றிருந்தால் புதியதிலும் எல்பிஏதான். மீதி இடத்தில் டி டிரைவ் வேண்டுமென்றால் அதை அந்தப் பழைய கணினியிலேயே, விண்டோஸ் 98 ஃபிளாப்பியில் இருக்கும் எஃப்டிஸ்க் என்ற பார்ட்டிஷன் கருவி கொண்டு போடுங்கள். பார்ட்டிஷனை அது ஓடப்போகும் கணினியிலேயே போடுவது எப்போதும் நல்ல பழக்கம்.

எஃப்டிஸ்க் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். விண்டோஸ் 98 சிடியில் முதலில் வந்த எஃப்டிஸ்க்குக்கு 64 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. 80 ஜிபி டிஸ்க் 76,319 எம்பி. அதிலிருந்து 65,536ஐக் கழித்துவிட்டு 10,783 எம்பி என்று காட்டும். 80 ஜிபி டிஸ்க்கை 10 ஜிபி என்று ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட் பின்னால் திருத்திய எஃப்டிஸ்க்கை வெளியிட்டது. உங்கள் டிஸ்க் 33 ஜிபிக்குள் அடங்கிவிட்டால் இந்தக் கவலையும் இல்லை.

இனி மற்ற எண்கள். உங்களுக்கு நேரடியாகத் தேவைப்படாவிட்டாலும் அடுத்த கணினிக்கு உதவும்.

504 எம்பி எல்லைதான் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. ஐபிஎம் பிசியின் பயாஸ், டிஸ்க்கின் ஓர் இடத்தைக் குறிக்க சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8 பிட், செக்டருக்கு 6 பிட் ஒதுக்கியது. ஐடிஇ தரத்தை எழுதியவர்கள் சிலிண்டருக்கு 16, ஹெட்டுக்கு 4, செக்டருக்கு 8 பிட் என்று வைத்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் போதுமான இடம் இருக்கிறது. பயாஸ் முறையில் 8.4 ஜிபி வரை போகலாம். ஐடிஇ முறையில் 137 ஜிபி வரை போகலாம். ஆனால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது ஒவ்வொன்றிலும் சின்ன எண்தான் செல்லும்: 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். பெருக்கினால் 52,84,82,304 பைட், அதாவது 504 எம்பி. இரண்டு தரப்பும் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசியிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. எல்பிஏ, லார்ஜ் என்று பயாஸில் பார்க்கிறோமே, அவை எல்லாம் இந்த இரண்டு கணக்கையும் ஒட்டவைக்கப் போட்ட தையல்கள்தான். 486 வைத்திருப்பவர் யாராவது இருந்தால், பழைய நெட்வொர்க் கார்டின் காலி ரோம் சாக்கெட்டில் எக்ஸ்டிஐடிஇ யுனிவர்சல் பயாஸை எழுதிய சிப்பைச் செருகி இதைத் தாண்டலாம். பழைய கணினி ஆர்வலர்கள் இன்றும் பராமரித்து வரும் மென்பொருள் அது. 2.1 ஜிபி எல்லை, சிலிண்டருக்கு 12 பிட் மட்டும் வைத்த சில பயாஸ்களின் குறை. அதே அளவில் ஃபேட்16 (ஃபைல்கள் இருக்கும் இடத்தைக் குறித்துவைக்கும் பழைய முறை) பார்ட்டிஷனின் எல்லையும் வருவதால் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். டிஸ்க் முழுதாகத் தெரிந்து பார்ட்டிஷன் மட்டும் 2 ஜிபியில் நின்றால் அது ஃபேட்16. ஃபேட்32 தெரிந்த விண்டோஸ் 95ன் இரண்டாம் பதிப்போ 98ஓ போட்டால் தீரும்.

8.4 ஜிபி விஷயத்தில் ஒன்று தெரிந்திருக்கவேண்டும். பயாஸ் டிஸ்க்கைத் தொடுவது பூட் ஆகும் வரைதான். அதன்பிறகு லினக்ஸும் என்டி வகை (2000, எக்ஸ்பி போன்ற) விண்டோஸும் சொந்த டிரைவர் கொண்டு டிஸ்க்கோடு நேராகப் பேசும். அதனால் பயாஸ் 8.4 என்று காட்டினாலும் லினக்ஸில் 40 ஜிபியும் தெரியலாம். அதில் முரண் இல்லை. பூட் ஆகத் தேவையான ஃபைல்கள் மட்டும் முதல் 8 ஜிபிக்குள் இருக்கவேண்டும். பழைய லினக்ஸ் புத்தகங்களில் பூட்டுக்கென்று டிஸ்க்கின் தொடக்கத்திலேயே ஒரு சின்ன பார்ட்டிஷன் போடச் சொல்வார்கள் இல்லையா, காரணம் இதுதான்.

நான் பயப்படும் எண் 137 ஜிபி. மற்ற எல்லைகள் முகத்துக்கு நேரே மறுத்துவிடும். இது சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கும். பழைய ஐடிஇ முறையில் செக்டரின் முகவரிக்கு 28 பிட். 26,84,35,456 செக்டருக்கு மேல் எண்ண முடியாது. 48 பிட் முகவரி, ஐடிஇயின் பிந்தைய பதிப்பான ஏடிஏ-6 தரத்தோடு வந்தது. டிஸ்க்குக்கு 48 பிட் தெரிந்திருந்தும் டிரைவருக்கு 28 பிட்தான் தெரியும் என்றால், எல்லைக்கு மேற்பட்ட முகவரியின் மேல் இலக்கங்கள் உதிர்ந்துவிடும். வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் 99999ஐத் தாண்டியதும் மறுபடி 00000 காட்டுகிறதே, அதே கதை. எல்லைக்கு அடுத்த செக்டரில் எழுதச் சொன்னால் பூஜ்யம் செக்டரில் எழுதும். பூஜ்யம் செக்டரில் இருப்பது பார்ட்டிஷன் அட்டவணை. அதற்குப் பின்னால் ஃபேட் அட்டவணைகள்.

இது நடப்பது இப்படித்தான். புதிய கணினியில் 160 ஜிபியை முழுதாக ஒரே பார்ட்டிஷனாக ஃபார்மட் செய்து, கொண்டுவந்து விண்டோஸ் 98லோ, சர்வீஸ் பேக் எதுவும் போடாத எக்ஸ்பியிலோ மாட்டுவார்கள். நன்றாக ஓடும். மாதக்கணக்கில் ஓடும். டிஸ்க் நிரம்பிக்கொண்டே வந்து எல்லையைத் தாண்டி ஒரு ஃபைல் எழுதப்படும் நாளில் டிஸ்க்கின் தலைப்பகுதி அழியும். மறுநாள் காலை ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை என்று வரும். வைரஸ் என்றும் டிஸ்க் தரம் சரியில்லை என்றும் பேச்சு போகும்.

எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 1 வந்ததிலிருந்து இந்த ஆபத்து இல்லை. விண்டோஸ் 2000க்கு சர்வீஸ் பேக் 3 போட்டு, அதோடு ரெஜிஸ்ட்ரியில் எனேபிள்பிக்எல்பிஏ என்ற மதிப்பையும் 1 என்று வைக்கவேண்டும். சர்வீஸ் பேக் மட்டும் போதாது. கையில் இருப்பது முதல் வெளியீட்டு எக்ஸ்பி சிடிதான் என்றால், நிறுவும்போது 20 அல்லது 30 ஜிபிக்கு ஒரு சி டிரைவ் மட்டும் போட்டு, சர்வீஸ் பேக் 3 ஏற்றிய பிறகு மீதியைப் பிரித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 98க்கு மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து இதற்குத் திருத்தம் வரவில்லை. முன்பு சொன்ன பிசிஐ கார்டு தன் சொந்த டிரைவரோடு வந்தால் அது இதையும் தாண்டிவிடும். இல்லையென்றால் முதல் 120 ஜிபிக்கு மட்டும் பார்ட்டிஷன் போட்டு, மிச்சத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

இப்போது 3 டிபி. எக்ஸ்பியில் தெரியும் 746 என்ற எண்ணே காரணத்தைச் சொல்கிறது. செக்டர் எண்ணிக்கையை 32 பிட்டில் அடைத்தால் 2.2 டிபிதான் கொள்ளும். 3,00,059 கோடி பைட்டில் 2,19,902 கோடியைக் கழித்தால் மிஞ்சும் 80,157 கோடி பைட்தான் அந்த 746 ஜிபி. 4 டிபி போட்டிருந்தால் 1,678 ஜிபி என்று காட்டியிருக்கும். தெரியும் வரை லாபம் என்று அந்த 746ஐ ஃபார்மட் செய்துவிடாதீர்கள். மீட்டர் பூஜ்யத்துக்குத் திரும்பும் அதே ஆபத்து இங்கும் இருக்கிறது.

பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் அட்டவணைக்கு இந்த 32 பிட்தான் எல்லை. ஜிபிடி என்ற புதிய அட்டவணை போட்டால் தாண்டலாம், ஆனால் 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி புரியாது. விண்டோஸ் 7க்கும் லினக்ஸுக்கும் புரியும். பழைய பயாஸ் உள்ள கணினியிலும் ஜிபிடி டிஸ்க்கை டேட்டா வைக்க மட்டும் விண்டோஸ் 7ல் தாராளமாக உபயோகிக்கலாம். அதிலிருந்து விண்டோஸை பூட் செய்யத்தான் பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ வேண்டும். அதனால் சின்ன எஸ்எஸ்டி ஒன்றில் எம்பிஆர் போட்டு விண்டோஸை வைத்து, 3 டிபியை ஜிபிடியாக இரண்டாவது டிஸ்க்காக மாட்டுவதுதான் பலரும் செய்வது. லினக்ஸ் என்றால் 1 எம்பிக்கு ஒரு பயாஸ் பூட் பார்ட்டிஷன் விட்டு, கிரப் என்ற பூட் மென்பொருள் மூலம் ஜிபிடி டிஸ்க்கிலிருந்தே பூட் செய்யலாம். விண்டோஸ் 7 போட்ட பிறகும் 746 என்றே காட்டினால் இன்டெலின் பழைய ஸ்டோரேஜ் டிரைவர் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ரேபிட் ஸ்டோரேஜ் 10.1க்கு முந்தைய பதிப்புகளுக்கு 2.2 டிபிக்கு மேல் எண்ண வராது.

யுஎஸ்பி பெட்டியில் வாங்கிய 3 டிபி எக்ஸ்பியில் முழுதாக ஓடுகிறதே என்று யாராவது சொன்னால் அதுவும் உண்மைதான். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சிப், செக்டர் ஒன்றுக்கு 512 பைட் என்பதை 4,096 என்று மாற்றிச் சொல்கிறது. செக்டர் எட்டு மடங்கு பெரிதானால் எண்ணிக்கை எட்டில் ஒன்றாகக் குறையும், 32 பிட்டுக்குள் அடங்கிவிடும். பெட்டியை உடைத்து டிஸ்க்கை எடுத்து நேராக சாட்டா (ஐடிஇக்குப் பின் வந்த) கேபிளில் மாட்டினால் செக்டர் கணக்கு மாறி, பார்ட்டிஷன் முழுதும் காணாமல் போனதுபோல் தெரியும். பதற வேண்டாம், மறுபடி அதே பெட்டியில் வைத்தால் தெரியும்.

எண்ணுக்குச் சம்பந்தமில்லாத இரண்டு தொல்லைகள் சாட்டா டிஸ்க்குகளில் உண்டு. வியா விடி8237 சிப் உள்ள போர்டுகளின் சாட்டா போர்ட், 3 ஜிகாபிட் வேகத்தில் பேசும் டிஸ்க்கைக் கண்டுகொள்ளாது. டிஸ்க்கில் வேகத்தை 1.5 ஆகக் குறைக்கும் ஜம்பர் இருந்தால் போட்டுவிடுங்கள், உடனே தெரியும். இரண்டாவது, பழைய பவர் சப்ளையில் சாட்டா பிளக் இல்லாததால் நாலு பின் பிளக்கிலிருந்து மாற்றும் கம்பியை வாங்குவோம். பிளக்கை அச்சில் வார்த்து ஒட்டியிருக்கும் மலிவுக் கம்பிகளில் உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு உருகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரியும்படி அழுத்திப் பொருத்திய வகையை வாங்குங்கள்.

உங்கள் எக்ஸ்பி கணினியை எக்ஸ்பியிலேயே வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால், 3 டிபியைப் புதிய கணினிக்குக் கொடுத்துவிட்டு இதில் 2 டிபி டிஸ்க் போடுங்கள். அது எல்லைக்குள் அடங்கும். ஆனால் அண்மைக்கால டிஸ்க்குகளின் உள்ளே இருப்பது 4,096 பைட் செக்டர். எக்ஸ்பி பார்ட்டிஷனை 63வது செக்டரில் தொடங்குவதால் ஒவ்வொரு முறை எழுதுவதும் இரண்டு உள் செக்டர்களில் விழுந்து வேகம் படுத்துவிடும். பார்ட்டிஷனை மட்டும் விண்டோஸ் 7 அல்லது லினக்ஸ் உள்ள கணினியில் போட்டு எடுத்துவாருங்கள். ஓடும் கணினியிலேயே போடவேண்டும் என்று மேலே சொன்ன பழக்கத்துக்கு இது ஒரு விதிவிலக்கு. அங்கே தொடக்கம் 2,048வது செக்டராக இருக்கும், எக்ஸ்பி அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.